எண்ணைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடிந்து உட்காரும்போது படித்தால் போதும். நடுவில் எழுந்து போனாலும் நான் பார்க்கப் போவதில்லை, வகுப்பில் இல்லாத சலுகை அது.

விஷயம் பைனாகுலர். நல்ல தமிழில் இருகண்ணோக்கி என்று சொல்கிறார்கள். கடையில் போய்ப் பைனாகுலர் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர், "சார், அப்பா ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிறார். கொல்லைக்குப் பின்னால் குளம், பறவை நிறைய வருது. லீவில் வரும்போது ஒரு பைனாகுலர் வாங்கி வரலாம்னு இருக்கேன். 20× வாங்கவா, 30× வாங்கவா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். என் தங்கை மகள் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு எது நல்லது என்று கேட்டாள். மூன்றாமவர் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், அவரும் என் மாணவர்தான். பள்ளியின் இயற்கை மன்றத்துக்கு யாரோ நன்கொடை தருகிறார்களாம், "சக்தி வாய்ந்ததாக ஒன்று சொல்லுங்கள்" என்றார்.

மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு பெரிதாகக் காட்டும்? என் பதிலும் மூவருக்கும் ஒன்றுதான். அதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, பார்க்கிறவரின் கண்ணுக்கும் கைக்கும் அது ஒத்துப்போகிறதா என்பதை. கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாத பைனாகுலர் எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் ஒரு வாரத்தில் பீரோவுக்குள் போய்விடும். அதோடு போனால் பரவாயில்லை. பார்த்தவர், "என் கண்ணில்தான் ஏதோ கோளாறு" என்று முடிவு கட்டிவிடுகிறார். எனக்குக் கவலை அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த எண்கள். பைனாகுலரின் மேல் 8×42 என்றோ 20×50 என்றோ போட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்னால் இருக்கும் பொருளருகு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 80 மீட்டர் தள்ளி நிற்கும் நாரையை 8× கருவி 10 மீட்டரில் நிற்பதுபோலக் காட்டும். 20× கருவி 4 மீட்டரில் நிற்பதுபோலக் காட்டும். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் 20 மேல்தான் ஆசை வரும். வாழைப்பழம் வாங்கும்போது பெரிய சீப்பைக் கை தேடுவதுபோல.

ஆனால் நாரையைப் பெரிதாக்கும் கருவி உங்கள் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. எந்தக் கையும் ஆடாமல் நிற்பதில்லை. மூச்சு விடுகிறோம், நெஞ்சு துடிக்கிறது, தசை களைக்கிறது. அந்தச் சிறு ஆட்டம் 8× கருவியில் எட்டு மடங்கு, 20×இல் இருபது மடங்கு. வெறுங்கையில் 20×ஐப் பிடித்தால் நாரை கிளையில் நிற்காது, ஊஞ்சல் ஆடும். ஆடுகிற எழுத்தைப் படிக்க முடியாததுபோல, ஆடுகிற நாரையின் இறகில் என்ன கோடு என்றும் சொல்ல முடியாது. பெரிதாகத் தெரிந்தும் விவரம் தெரியாது.

அடுத்தது பார்வைப் பரப்பு. சாதாரணமாக ஒரு 8× கருவியில் 1000 மீட்டர் தொலைவில் 120 முதல் 140 மீட்டர் அகலம் வரை ஒரே பார்வையில் அடங்கும். உருப்பெருக்கம் கூடக்கூட இந்த அகலம் சுருங்கும். மரத்தில் வெறுங்கண்ணால் பார்த்த பறவையைக் கருவிக்குள் தேடிப் பிடிப்பதே புதியவர்களுக்குப் பெரிய பாடு. அகலம் குறைந்தால் இலைதான் தெரியும், பறவை தெரியாது. "எங்கே சார், எங்கே சார்" என்று தேடுவதற்குள் அது பறந்து போயிருக்கும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் பைனாகுலர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். கருவியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வானத்தை நோக்கி (சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்) கண்ணருகு லென்ஸைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். கருவியிலிருந்து வெளியே வரும் ஒளி முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது. அதன் அளவைக் கணக்குப் போட இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் போதும். 8×42க்கு 5.25 மி.மீ. 10×42க்கு 4.2. 20×50க்கு வெறும் 2.5.

பகல் வெளிச்சத்தில் நம் கண்பாவையின் விட்டம் 2 முதல் 3 மி.மீ. இருக்கும். 5.25 மி.மீ. வட்டத்துக்குள் இந்தக் கண்பாவை தாராளமாக உட்காரும். தலை கொஞ்சம் அசைந்தாலும், கை கொஞ்சம் நகர்ந்தாலும் காட்சி போகாது. 2.5 மி.மீ. வட்டத்தில் அந்தத் தாராளம் கிடையாது. ஊசியில் நூல் கோப்பதுபோல இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் சரியாகப் பொருத்த வேண்டும். இம்மி விலகினால் ஒரு பக்கம் கறுப்பாகிவிடும். சாயங்காலம் ஆனால் இன்னும் மோசம். வெளிச்சம் குறையக் குறையக் கண்பாவை விரியும். அந்த நேரத்தில் 2.5 மி.மீ. ஒளியைக் கொடுத்தால் காட்சி மங்கித்தான் தெரியும். கூட்டம் கூட்டமாகப் பறவைகள் கூடு திரும்புவதோ அந்தி நேரத்தில்தான்.

வயதாக ஆகக் கண்பாவை விரியும் அளவும் குறையும். இளவயதில் இருட்டில் 7 மி.மீ. வரை விரிவது, அறுபது எழுபது வயதில் 5 அல்லது அதற்கும் கீழே வந்துவிடுகிறது. அதனால் வயதானவர்களுக்கு 7×50 போன்ற கனமான கருவியும் வேண்டியதில்லை. 7 மி.மீ. ஒளியைத் தந்தாலும் கண் அவ்வளவையும் வாங்கிக்கொள்ளப் போவதில்லை, கழுத்துக்குப் பாரம்தான் மிச்சம். 4 முதல் 5 மி.மீ. வரை வெளிச்ச வட்டம் தரும் கருவி அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

அடுத்து, கண்ணாடி போட்டவர்கள். நம் சொந்தபந்தத்தில் நாற்பது தாண்டிய யாருக்கு இன்று கண்ணாடி இல்லை? கண்ணருகு லென்ஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண்ணை வைத்தால் முழுக் காட்சியும் தெரியும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் "ஐ ரிலீஃப்" என்பார்கள். நான் கண் விலகல் தூரம் என்று சொல்லிக்கொள்கிறேன். கண்ணாடி போட்டிருந்தால் கண் தானாகவே லென்ஸிலிருந்து தள்ளிப் போய்விடும். விலகல் தூரம் 10 மி.மீ. மட்டுமே உள்ள சின்னக் கருவியில் அவர் பார்த்தால், சாவித் துவாரம் வழியாக அடுத்த அறையைப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். கண்ணாடி போட்டவருக்குக் குறைந்தது 15, 16 மி.மீ. வேண்டும். கருவியோடு வரும் தாளில் இந்த எண் அச்சடித்திருக்கும். கடைக்காரருக்கே தெரியாவிட்டாலும் தாளை வாங்கிப் பாருங்கள்.

அத்தோடு, கண்ணை வைக்கும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். புதிய கருவிகளில் திருகினால் ஏறும், இறங்கும். பழையவற்றில் மடித்துவிடலாம். கண்ணாடி போட்டவர் அதை இறக்கி வைக்க வேண்டும். போடாதவர் ஏற்றி வைக்க வேண்டும். இந்த ஒன்று தெரியாமல் எத்தனையோ பேர் "எனக்குச் சரியா தெரியலைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா என்றால், அது ஆளைப் பொறுத்தது. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் பெரும்பாலும் கருவியின் ஃபோகஸ் திருகியே சரிசெய்துகொள்ளும். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும், அதைக் கருவி சரிசெய்யாது. வெள்ளெழுத்துக்குப் படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவர்கள் தாராளமாகக் கழற்றி வைக்கலாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவை சிகிச்சை செய்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மகன் ஆசையாக ஒரு 20×50 அனுப்பியிருந்தார். பெரியவர் மொட்டை மாடியில் நின்று இரண்டு மூன்று நாள் பார்த்தார். பாதி கறுப்பு, பாதி ஆட்டம். உடனே அவர் என்ன நினைத்தார் தெரியுமா? ஆபரேஷன் சரியாக நடக்கவில்லை என்று. இராத் தூக்கம் இல்லாமல், பஸ் ஏறிப் போய் மறுபடியும் கண் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். டாக்டர் பார்வை அருமையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

பிறகு ஒருநாள் என் 8×42ஐ எடுத்துப் போனேன். ரப்பர் வளையத்தை இறக்கி, அவர் கண்களின் இடைவெளிக்கு மடக்கி, மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றச் சொல்லிக் கொடுத்தேன். கோயில் கோபுரத்தில் கிளி உட்கார்ந்திருந்தது. "கழுத்துல வளையம் தெரியுதே சார்" என்றார். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. மகனின் அன்புக்கும் குறையில்லை. அந்த 20 என்ற எண்தான் இருவரையும் ஏமாற்றியது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் நுட்பமானது. நாம் படம் வரையும்போது பைனாகுலரில் தெரியும் காட்சியை இரண்டு வட்டமாக வரைகிறோம். சரியாகப் பொருத்தினால் ஒரே வட்டம்தான் தெரிய வேண்டும். இரண்டு குழாயையும் மடக்கி, கண்பாவைகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் கொண்டுவந்தால்தான் அது நடக்கும். பெரியவர்களுக்கு அந்தத் தூரம் சுமார் 60 முதல் 65 மி.மீ. சின்னப் பிள்ளைகளுக்கு 50ஐ ஒட்டித்தான் இருக்கும். பெரிய பைனாகுலர்கள் பலவும் 56 மி.மீ.க்குக் கீழே மடங்குவதில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளையால் இரண்டு கண்ணாலும் ஒன்றாகப் பார்க்கவே முடியாது. பிள்ளை மேல் தப்பில்லை, வடிவியல் அப்படி.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளோடு வடுவூர் ஏரிக்குப் போயிருந்தேன். பள்ளியில் யாரோ கொடுத்த பெரிய பைனாகுலர் ஒன்று இருந்தது. வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு அரை நிமிடம் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துவிட்டு, "தெரியுது சார்", "தெரியுது சார்" என்று நகர்ந்தது. எனக்கு அந்தக் குரல் பழக்கமான குரல். முப்பத்து மூன்று வருடம் "புரியுது சார்" என்று கேட்ட அதே குரல்.

பார்த்தது நத்தைகுத்தி நாரை. அதன் அலகை வரைந்து காட்டுங்கள் என்றேன். பெரும்பாலான பிள்ளைகள் புத்தகத்தில் வரும் கொக்குபோல மூடிய அலகை வரைந்தார்கள். வளர்ந்த நத்தைகுத்தி நாரைக்கு மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும், வாயை மூடினாலும் அது மூடாது. பார்த்திருந்தால் அதை விட்டிருக்க மாட்டார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "கறுப்பாத்தான் சார் இருந்துச்சு. முன்னாடி நின்னவங்க எல்லாரும் தெரியுதுன்னாங்க. அதான் நானும்..."

என்னிடம் இருந்த சின்ன 8×30ஐ அவள் கண்ணுக்கு மடக்கிக் கொடுத்தேன். ஃபோகஸ் சக்கரத்தை அவளையே திருப்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், அது வாயை மூடவே மாட்டேங்குது சார்!" என்று கத்தினாள். நாற்பது பிள்ளைகளும் மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். இந்த முறை யாரும் "தெரியுது சார்" என்று சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார்கள்.

பார்க்க முடியாத பிள்ளை, தெரியவில்லை என்று சொல்லாது. வெட்கப்படும், பொய் சொல்லும், பிறகு பறவை பார்ப்பது நமக்கு வராது என்று ஒதுங்கிவிடும். கருவி பொருந்தாத குறையைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு போகும். கண்ணுக்கு வசதி என்பதை நான் ஆடம்பரமாக நினைக்காததற்கு இதுதான் காரணம். ஏழு வயதானாலும் எழுபது வயதானாலும், ஒருவர் தொடர்ந்து பார்க்கப் போகிறாரா, விட்டுவிடப் போகிறாரா என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

சரி, கையில் நல்ல கருவி இருந்தும் சிலருக்கு மங்கலாகத் தெரிகிறதே என்றால், அது பெரும்பாலும் அமைத்துக்கொள்ளாததால் வருவது. நம் இரண்டு கண்ணுக்கும் பவர் ஒன்றாக இருப்பது அரிது. அதற்காகத்தான் வலது கண் பக்கம் தனியாக ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். சில கருவிகளில் வேறு இடத்தில் இருக்கும். முறை இதுதான்:

1. ஐம்பது மீட்டர் தள்ளி அசையாத ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெயர்ப்பலகை எழுத்து நல்லது.

2. வலது முன் லென்ஸை உள்ளங்கையால் மூடுங்கள். கண்ணை மூட வேண்டாம், இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். நடுச் சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்கு எழுத்தைத் தெளிவாக்குங்கள்.

3. இப்போது இடது முன் லென்ஸை மூடுங்கள். நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்க வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள்.

4. அந்த வளையத்தின் குறி எங்கே நிற்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கண்ணின் முகவரி. இனி நடுச் சக்கரம் மட்டும் போதும்.

வீட்டில் நாலு பேர் பார்க்கிற கருவி என்றால் நாலு பேருடைய குறியையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுப் பையில் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வந்தால் முதலில் அந்தச் சீட்டைத்தான் தேடுகிறார்கள்.

கடைகளில், முக்கியமாகச் சுற்றுலா இடங்களில், சில கருவிகளை ஆசை காட்டி விற்பார்கள். அவற்றை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. முன் லென்ஸ் மாணிக்கம்போலச் சிவப்பாக மின்னும் ஒன்று இருக்கும். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால்தான் அப்படி மின்னுகிறது. உள்ளே பார்த்தால் உலகம் நீலப்பச்சையாக வெளுத்துப்போயிருக்கும். இன்னொன்று, ஃபோகஸ் செய்யவே வேண்டாம் என்று சொல்லி விற்கும் கருவி. ஃபோகஸ் செய்யும் வேலை முழுவதையும் உங்கள் கண் தலையில் கட்டுகிறது அது. இளம் கண் சமாளிக்கும், வெள்ளெழுத்து வந்த கண் சமாளிக்காது. மூன்றாவது, 10 முதல் 30 வரை மாற்றலாம் என்கிற ஜூம். மலிவான ஜூமில் பார்வைப் பரப்பு ஒடுங்கிவிடும், இரண்டு குழாயும் ஒன்றுபோல நகர்வதும் கடினம்.

பார்த்தால் தலைவலி வருகிறது என்று சொல்வார்கள். இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்காமல் இம்மி விலகியிருந்தால், இரண்டு படத்தையும் ஒன்றாக்கக் கண் தசைகள் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். வலி வராமல் என்ன செய்யும்? கடையிலேயே சோதிக்கலாம். எதிர்க் கட்டடத்தின் மாடிச் சுவர் விளிம்பைப் பார்த்தபடியே கருவியைக் கண்ணிலிருந்து ஓரிரு அங்குலம் மெல்ல விலக்குங்கள். அந்த ஒரே கோடு மேலும் கீழுமாகப் பிரிந்தால் அந்தக் கருவி வேண்டாம். கீழே விழுந்த கருவிக்கும் இதே சோதனை.

வடிவத்தைப் பற்றியும் ஒன்று. வளைந்த தோள் உள்ள பழைய வடிவம், நேர்க்குழாயாக உள்ள புதிய வடிவம் என்று இரண்டு உண்டு. வளைந்தது இக்னாசியோ போர்ரோ என்ற இத்தாலியர் 1854இல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பு. 1894இல் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் அதை வைத்துப் பைனாகுலர் விற்கத் தொடங்கியது. பழசு என்று ஒதுக்காதீர்கள். குறைந்த விலையில் தெளிவான காட்சி வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்த வளைந்த வடிவமே லாபம். முன் லென்ஸ்கள் அகலமாகத் தள்ளியிருப்பதால் முன்னால் நிற்கும் கிளை, பின்னால் நிற்கும் கிளை என்ற ஆழமும் நன்றாகத் தெரியும். நேர்க்குழாய் கைக்கு அடக்கம், ஆனால் அதே தரத்துக்குக் காசு கூட.

எடையையும் மறக்காதீர்கள். 8×42 கருவிகள் சுமார் 600 முதல் 800 கிராம் வரை. கடையில் கையில் எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் கழுத்தில் தொங்கினால் தெரியும். கழுத்து வலி உள்ளவர்கள் தோளில் மாட்டும் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது எடை குறைந்த 8×32, 8×30க்குப் போங்கள். நின்றுகொண்டு பார்ப்பதைவிட, கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை ஊன்றிப் பார்ப்பது எவ்வளவோ மேல். தூணில் சாய்ந்தாலும் போதும்.

இதையெல்லாம் சொன்னால், அனுபவப்பட்ட சிலர் மறுப்பார்கள். "10× இல்லாமல் கரைப்பறவைகளைப் பிரித்துச் சொல்ல முடியுமா?" என்பார்கள். நியாயமான வாதம். கோடியக்கரை உப்பளத்தில், மரமே இல்லாத வெட்டவெளியில், தூரத்துச் சேற்றில் மேயும் சின்ன உள்ளான்களைப் பார்க்க 10×42 உதவும். கை உறுதியாக உள்ளவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். 20×ம் உதவாத பொருள் இல்லை, முக்காலியில் பொருத்தினால் நிலாவைப் பார்க்க அழகாக இருக்கும். நடுக்கத்தைத் தானே அடக்கும் பைனாகுலர்களும் வந்துவிட்டன, விலைதான் நம் சக்திக்கு மேல். நான் சொல்வது முதல் பைனாகுலரைப் பற்றி. முதல் கருவி கண்ணுக்குச் சுகமாக அமைந்தால்தான் இரண்டாவது கருவிக்கு ஆசையே வரும்.

ஆக, மூவருக்கும் என் பதில்.

மஸ்கட் தம்பிக்கு: அப்பாவுக்கு 8×42, கண் விலகல் தூரம் 16 மி.மீ.க்குக் குறையாமல். கொரியரில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதே. லீவில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வளையத்தை இறக்கி, குறியை அமைத்துக் கொடு. அந்த அரை மணி நேரம் கருவியின் விலையைவிடப் பெரியது.

தங்கை மகளுக்கு: பிள்ளைக்கு 8×30 அல்லது அதைவிடச் சின்னது. கடைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. ஒரே வட்டமாகத் தெரிகிறதா என்று கேள். "தெரியுதா?" என்று கேட்காதே, "என்ன தெரியுது?" என்று கேள்.

தலைமையாசிரியருக்கு: அந்த நன்கொடையில் பெரிதாக ஒன்று வாங்காமல், சின்னதாக நான்கு வாங்குங்கள். சிறு கண்ணுக்கு மடங்கும் கருவிகளாகப் பாருங்கள். பார்த்ததைப் பிள்ளைகள் வரைந்து காட்டட்டும். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி வரைந்தால் யாருமே பார்க்கவில்லை என்று பொருள்.

எல்லோருக்கும் பொதுவாக இரண்டு எச்சரிக்கை. எந்தப் பைனாகுலராலும் சூரியனைப் பார்க்கக் கூடாது, கிரகண நாளிலும் கூடாது, ஒரு நொடியும் கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். அடுத்தது, நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூசணம் பிடிக்கும். பையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அதைவிட நல்ல மருந்து, அடிக்கடி எடுத்துப் பார்ப்பது.

மேகம் இல்லாத இரவு கிடைத்தால் மொட்டை மாடியில் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்துகொண்டு கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிந்தது சாதாரண 8× கருவியில் டசன் கணக்கில் பெருகும். வியாழன் மேலே இருக்கும் காலமானால் கையைச் சுவரில் ஊன்றிப் பாருங்கள். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்துத் திகைத்த அந்த நிலாக்கள் சின்னப் புள்ளிகளாகப் பக்கத்தில் நிற்கும்.

ஏற்கெனவே பீரோவுக்குள் தூங்கும் பைனாகுலர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்து, துடைத்து, மேலே சொன்ன நான்கு படிகளைச் செய்து பாருங்கள். பிறகு வீட்டில் மூத்தவர் கையில் முதலில் கொடுங்கள். என்ன தெரிந்தது என்று எனக்குக் கீழே எழுதுங்கள். தெரியவில்லை என்றாலும் தயங்காமல் எழுதுங்கள், யாரையும் பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன். எங்கே சிக்கல் என்று சேர்ந்து பார்ப்போம்.

அனைவருக்கும் என் ஆசிகள்.